ஆபெலியின் குரல்

கூட்டுறவுக் கடைக்குள் வந்த தௌனோ ரௌத்தியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "தேவ நலம்" என்றான். கடையில் இருந்த யாரும் பதில் சொல்லவில்லை.

ஸ்வீடன் எல்லையில் ஓடும் எங்கள் ஆற்றின் கரையில், விசுவாசிகள் எனப்படும் சபைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "தேவ நலம்" என்பார்கள். பிரியும்போது "தேவ சமாதானம்." மற்றவர்களுக்கு "நல்ல நாள்" போதும். அதிலும் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது, தபால்காரருக்கும் மருத்துவருக்கும் அதுதான். ஆனால் கடையில் சற்று நேரம் நின்று, யார் யாருக்கு எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டாலே யார் உள்ளே, யார் வெளியே என்பது தெரிந்துவிடும். விசுவாசத்தை விட்டு விலகியவருக்கு யாரும் ஆள் அனுப்பிச் சொல்வதில்லை. ஒரு காலையில், நேற்று வரை "தேவ நலம்" சொன்ன வாய் அவருக்கு "நல்ல நாள்" சொல்லும். அவ்வளவுதான்.

தௌனோ முப்பது வருடங்களாக அந்த வார்த்தையைச் சொல்லிவந்தவன்தான். தோணித்துறையில் நின்று, தொப்பியை உயரத் தூக்கி, மூக்கால் இழுத்து, பிரசங்கிகள் பேசும் ராகத்தில் சொல்வான். சனிக்கிழமைகளில் கொஞ்சம் குடித்துவிட்டால் இன்னும் நீளமாக இழுப்பான். சுற்றி நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் இந்த ஏப்ரல் காலையில் அவன் மெதுவாகச் சொன்னபோது, புதிதாக ஒரு விதம் கண்டுபிடித்திருக்கிறான் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

"விடியறதுக்குள்ளயே ஊத்திட்டு வந்தாச்சு" என்றாள் கெர்த்து, அவனுக்குக் கேட்கும்படியாக.

"ஊத்தலை, கெர்த்து."

"அப்ப இன்னும் மோசம். தெளிஞ்ச புத்தியோடயே பண்றீங்களா?"

மாவு மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கெர்த்துவுக்கு அருகில் நின்றவள் எல்வி நிஸ்கலா. கெர்த்துவின் கணவன் வில்ஹோவுக்கு அண்ணி, பிரசங்கி ஆபெலியின் விதவை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இந்த முறை அவள் வீட்டில். அதற்காகக் காபியும் ஈஸ்டும் வாங்க வந்திருந்தாள். தௌனோ மற்றவர்களைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்ல நாள்" என்றாள் எல்வி.

அவன் தலையை ஆட்டினான். தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாங்க வந்ததை வாங்காமலே வெளியே போய்விட்டான்.

தௌனோ, மரக்கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டுக் கடலோர ஆலைக்கு இறக்கும் குழுவின் மேஸ்திரியாக இருந்தவன். ஊரில் தொழிலாளர் கட்சிக் கிளையைக் கட்டியவனும் அவனே. விசுவாசிகள்மேல் அவனுக்கு இருந்த கோபத்துக்குக் காரணமும் இருந்தது. பெரிய வேலைநிறுத்தத்தின்போது, அதிகாரத்தை எதிர்ப்பது பாவம் என்று சொல்லி அவர்களில் பலர் ஆற்றில் இறங்கி வேலை செய்தார்கள். வேலைநிறுத்தம் அதில்தான் உடைந்தது. அந்தக் கோடையிலிருந்து, எந்த வீட்டில் கூட்டம் நடந்தாலும் எதிர்வேலிமேல் உட்கார்ந்து அக்கார்டியன் வாசிப்பான். வெக்கைக்குத் திறந்துவைத்த சன்னல்களை ஒவ்வொன்றாக மூடவேண்டி வரும்.

ஆனால் அவனுடைய பெரிய ஆயுதம் வாய்தான். எந்தப் பிரசங்கியையும் அப்படியே பேசிக்காட்டுவான். எல்லாரிலும் நன்றாக வந்தது ஆபெலி. ஆபெலிக்கு ஒரு விசித்திரமான குரல். வாக்கியம் அடித்தொண்டையில் தொடங்கி, கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு படி ஏறி, அங்கே நடுங்கி நின்று, பிறகு இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தௌனோவா ஆபெலியா என்று சொல்ல முடியாது.

எல்விக்கு ஒரே மகன், கலெர்வோ. பதினேழு வயதில் கட்டை மிதக்கவிடும் வேலைக்குப் போனவன் மேஸ்திரியின் செல்லப்பிள்ளையாகிவிட்டான். அக்கார்டியன் கற்றுக்கொண்டான். அப்பாவின் குரலையும் தௌனோவிடமிருந்தே கற்றுக்கொண்டான். ஒரு மத்தியானம், ஆற்றோர வேலை முகாமில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் ஏறி நின்று ஆபெலியாகப் பிரசங்கம் செய்தான். தௌனோ மனந்திரும்பிய பாவியாக முழங்காலிட்டு, கையுறையால் கண்ணைத் துடைத்து, "நான் நம்பலாமா?" என்று கேட்டான். கலெர்வோ அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாவமன்னிப்பு கொடுத்தான். ஆட்கள் சேற்றில் புரண்டு சிரித்தார்கள். முகாம் குதிரைகளுக்கு வைக்கோல் கொண்டுவந்த ஆபெலி, மரங்களுக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு வைக்கோலை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"பையனுக்கு நல்ல குரல்" என்று எல்வியிடம் சொன்னார். அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் ஊர் சொன்னது.

அப்பா கேட்டார் என்று தெரிந்ததும் கலெர்வோவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே ஆற்றைத் தாண்டி ஸ்வீடனுக்குப் போய், கோத்தன்பர்க்கில் கார் தொழிற்சாலையில் சேர்ந்தான். ஆபெலியின் அடக்கத்துக்கு வந்தவன் தேவாலயச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டுப் போனான். கிறிஸ்துமஸ் அன்று போன் செய்வான். தொலைபேசியை எடுக்கும்போதெல்லாம் எல்விக்கு நாக்கு தடுமாறும். எதைச் சொல்வது? சொந்த மகனுக்கு "நல்ல நாள்" சொல்ல வேண்டும். அவனுக்கு அது தெரியும். அதனால் எப்போதும் அவனே முந்திக்கொண்டு, "நல்ல நாள், அம்மா" என்பான். பிறகு பனியைப் பற்றிப் பேசுவார்கள்.

வெள்ளிக்கிழமை வில்ஹோ பிரசங்கி ஹன்னெஸைக் கூட்டிக்கொண்டு எல்வி வீட்டுக்கு வந்தான். ஞாயிறு கூட்டத்துக்காகத் தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த ஹன்னெஸ், தச்சு வேலை செய்யும் பெரிய உடம்புக்காரர், பேச்சு மட்டும் மெதுவாக வரும்.

"சகோதரி எல்வி, ஒரு விஷயம். தௌனோ ரௌத்தியோ என்கிட்ட வந்தார்."

"நாடகம்" என்றான் வில்ஹோ. "அண்ணி, இவர் ஊருக்குப் புதுசு. இவர் அந்தாள் நடிச்சுப் பார்த்ததில்ல."

"அழுதார்" என்றார் ஹன்னெஸ்.

"அழுவார். எங்க அண்ணன் மாதிரியே அழுவார். போன வருஷம் தோணித்துறையில ரெண்டு தரம் அழுது காட்டினார். கைதட்டுனாங்க."

ஹன்னெஸ் காபிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "பாவமன்னிப்பு வார்த்தையை நான் சொல்றேன்னேன். வேண்டாம்னுட்டார். எல்வி நிஸ்கலா சொன்னாத்தான் என்னால நம்ப முடியும்ங்கறார்."

எல்வி எதிரே இருந்த சன்னலைப் பார்த்தாள். ஆற்றின் பனிக்கட்டி நடுவில் கறுத்துப்போய்க் கிடந்தது. அதன்மேல் அக்கரைக்குப் போட்டிருந்த குளிர்காலப் பாதையை அந்த வாரம்தான் மூடியிருந்தார்கள்.

"நீங்களே சொல்லிடுங்களேன். உங்க வாயில வந்தாலும் அதே வார்த்தைதானே."

"அதே வார்த்தைதான், சகோதரி. ஆனா ஒருத்தன் எங்க உடைச்சானோ அங்க வந்துதான் கேக்கறான்."

எங்களிடம் அந்த வார்த்தையைச் சொல்லப் பிரசங்கிதான் வேண்டும் என்பதில்லை. மனச்சுமை தாங்காதவர் எந்த விசுவாசியிடமும், ஆணோ பெண்ணோ, மாட்டுக்கொட்டகையிலோ பஸ்ஸிலோ, "நான் நம்பலாமா?" என்று கேட்கலாம். கேட்கப்பட்டவர் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும்: "இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்பட்டன என்று நம்பு." கேட்டவருக்கு யாராவது இல்லை என்று சொன்னதாக எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. சொல்ல மறுப்பவர் தானே எங்கே நிற்கிறார் என்ற கேள்வி அப்போது எழும். எல்விக்கு இது தெரியும். அதனால்தான் அன்று அவள் முடியாது என்று சொல்லாமல் ஹன்னெஸுக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் முற்றத்துப் பனிமேல் கம்பளங்களை விரித்து அடித்துக்கொண்டிருந்தாள். தௌனோ வாசல்படல் அருகே வந்து நின்றான். கூடவே வந்த கிழட்டு நாய் பனியில் படுத்துக்கொண்டது.

"உள்ள வரலாமா?"

"அங்கயே நின்னு சொல்லுங்க, ரௌத்தியோ."

"ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம். இப்ப 'நீங்க', 'ரௌத்தியோ'வா?"

"என்ன வேணும் உங்களுக்கு?"

அவன் படலைப் பிடித்துக்கொண்டான். "எப்படி ஆச்சுன்னு சொல்லிடறேன். அப்புறம் துரத்து. ஜனவரியில கடுங்குளிரா இருந்ததே, அப்ப வீட்டை விட்டு வெளிய போகல. பேச ஆளில்ல. சும்மா நாய்கிட்ட ஆபெலி மாதிரி பேசிட்டிருந்தேன். முழுப் பிரசங்கமும். கடைசியில அந்த வார்த்தை வருமில்ல, பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்பட்டன, நம்பு... அங்கதான் எப்பவும் சிரிப்பாங்க. நானும் சிரிப்புக்கு இடம் விட்டு நிறுத்துவேன். அன்னிக்கும் நிறுத்தினேன். யாரும் சிரிக்கல."

"நாயும் சிரிக்கலையா?"

"நாயும் சிரிக்கல" என்றான் அவன். முகத்தில் சிரிப்பு இல்லை. "வீடு அமைதியா இருந்துச்சு. முப்பது வருஷமா இதை ஊருக்குச் சொல்லிட்டிருந்திருக்கேன், எல்வி. அன்னிக்குத்தான் என் காதுல விழுந்துச்சு."

எல்வி கம்பளத்தை ஓங்கி அடித்தாள். தூசி பனிமேல் பழுப்பாகப் படிந்தது.

"பாதையை மூடறதுக்கு முன்னாடி கோத்தன்பர்க் போனேன்" என்றான் தௌனோ.

அவள் கை நின்றது.

"கலெர்வோகிட்ட சொன்னேன். நாம பண்ணது தப்புடா, உங்கப்பா சொன்னது உண்மைடா, உன்னைக் கெடுத்தது நான்னு, அழுதுக்கிட்டே சொன்னேன். அவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சான். 'பிரமாதம் மாமா, முன்னைவிட நல்லா வருது, இன்னொரு தரம் பண்ணுங்க'ன்னான். பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிடறேன்னு எழுந்துட்டான். நான் நடிக்கலடான்னு சொல்லச் சொல்ல இன்னும் சிரிப்பு."

"அவன் எப்படி இருக்கான்?" என்றாள் எல்வி. கேட்டிருக்கக் கூடாது என்பது போல உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இளைச்சிருக்கான். நல்லாத்தான் இருக்கான். சுவத்துல உங்க வீட்டுப் படம் ஒண்ணு மாட்டியிருக்கான்." அவன் தொப்பியைக் கழற்றினான். "எல்வி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த உலகத்துல என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அந்த வார்த்தையைச் சொன்னது ஒரே ஆள்தான். உன் பையன். அந்தக் கட்டைமேல நின்னு. சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனா ஒரு வார்த்தைகூட விட்டுப்போகல. அது செல்லுமா?"

எல்வி கம்பளத்தைப் புரட்டிப் போட்டாள். செல்லும் என்றால், அவள் மகனின் கேலியிலும் சுவிசேஷம் இருந்தது என்றாகும். அப்படி நினைக்க அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையே அவளைப் பயமுறுத்தியது.

"செல்லாது" என்றாள்.

"அப்ப நீ சொல்லு. நான் நம்பலாமா?"

"என் பையனைக் கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனீங்க. இப்ப அவனை அங்கயே விட்டுட்டு நீங்க மட்டும் உள்ள வர்றீங்க. கதவை நான் திறக்கணும். அதானே?"

"ஆமா" என்றான் தௌனோ. "அதான்."

"போங்க. நாளைக்குக் கூட்டத்துக்கும் வராதீங்க."

அவன் போன பிறகும் அவள் சுத்தமாகிவிட்ட கம்பளத்தையே அடித்துக்கொண்டிருந்தாள். மாலையில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, நாங்கள் பிறரை மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடத்தில் நின்றது. எழுந்து போய் ரொட்டிக்கு மாவு பிசைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்துவிட்டது. செங்கல்மேல் பலகை போட்டு உட்கார இடம் செய்திருந்தார்கள். படுக்கையறைக் கட்டில்மேல் கோட்டுகள் மலைபோலக் குவிந்தன, அவற்றுக்கு மேல் ஒரு கைக்குழந்தையைத் தூங்கவைத்திருந்தார்கள். ஹன்னெஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வேதாகமத்தைத் திறந்து, அப்போஸ்தலர் நடபடிகளில், விசுவாசிகளைத் துன்புறுத்தித் திரிந்து பிறகு மனந்திரும்பிய சவுலின் கதையை எடுத்தார். சமையலறையில் நின்ற எல்விக்குப் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே எடுத்திருக்கிறார். காபிப் பாத்திரத்தின் மூடியைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள்.

பின்கதவு திறந்தது.

"தேவ நலம்" என்றான் தௌனோ, மூச்சுக் காற்றிலேயே.

"வராதீங்கன்னு சொன்னேன்."

"உள்ள வரல. இந்த விறகுப்பெட்டி பக்கத்துலயே நின்னு கேட்டுட்டுப் போயிடறேன்."

உள்ளே இருந்தவர்களுக்கு அவன் வந்தது தெரியாது. அவனை வெளியே தள்ளினால் சத்தம் கேட்கும். எல்வி திரும்பிக்கொண்டு பாலாடைக்கட்டியைத் துண்டு போட்டாள். எங்கள் பக்கத்தில் அதைக் காபிக்குள் போட்டுத்தான் சாப்பிடுவோம். உள்ளே ஹன்னெஸ், ஆண்டவர் சவுலிடம் போகச் சொன்னபோது சீடன் அனனியாவுக்கு மனமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அனனியா ஆண்டவர்கிட்டயே வாதாடினான். இந்த ஆள் என்னவெல்லாம் செஞ்சான்னு உமக்குத் தெரியுமான்னு கேட்டான். தெரியாமலா அனுப்பறார்?"

அவள் தற்செயலாகத் தலையைத் தூக்கினாள். தௌனோவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஹன்னெஸ் அடுத்த வாக்கியத்தைச் சொல்வதற்கு ஒரு கணம் முன்பே அந்த உதடுகளில் அதன் வடிவம் வந்துவிட்டது. ஏற்றம், இழுப்பு, நிறுத்தம் எல்லாம்.

"இங்கயுமா?" என்றாள். கத்தி அவள் கையிலேயே இருந்தது. "என் வீட்டுக்குள்ள வந்துமா?"

அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். "நிறுத்த முடியல, எல்வி. அதுவா போகுது. எனக்குள்ள வேற ஒண்ணும் இல்ல. வேற யார் வார்த்தையும் எனக்குத் தெரியாது."

அவன் முகத்தை அவள் பார்த்தாள். நடிகனுக்கு எங்கோ ஒரு மூலையில், யார் பார்க்கிறார்கள் என்று தேடும் கண் இருக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனிடம் அவள் பார்த்த கண் அது. இப்போது அது இல்லை. அவன் தரையைப் பார்த்து, பொத்திய கைக்குள் அவமானத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

"உன்மேல எனக்கு வெறுப்பு" என்றாள் அவள். 'உன்' என்று வந்துவிட்டதை இருவருமே கவனித்தார்கள். "வருஷக்கணக்கா. எடுத்துப் போட்டுடலாம்னு பார்த்தா வரமாட்டேங்குது. இதை உள்ள வச்சுக்கிட்டு அந்த வார்த்தையைச் சொன்னா அது செல்லுமா?"

"சிரிப்புக்குச் சொன்னதே செல்லுமான்னு கேட்டவன் நான். என்கிட்ட போய்க் கேக்கறியே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தும்மலைப் போல மூக்கிலேயே அடக்கினாள். கத்தியை வைத்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கைகளைத் துடைத்தாள். அவன் காத்திருந்தான்.

"கேளு."

"நான் நம்பலாமா?"

அவள் அவன் கழுத்தில் கைகளைப் போட்டாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்வதைப் போல விறைப்பாகத்தான் போட்டாள். ஈரக் கம்பளியும் நாயும் புகையிலையும் நாறின. வார்த்தைகளை வேகமாகவும் தணிந்தும் சொன்னாள். "இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்பட்டன என்று நம்பு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"கலெர்வோவோட விஷயமும்?"

"எல்லாம்னு சொன்னேன்ல!"

அவன் உடம்பு அவள் கைகளுக்குள் குலுங்கியது. அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். வெறுப்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. அளவு குறைந்ததாகக்கூடத் தெரியவில்லை. சொல்லிவிட்ட வார்த்தை ஒரு பக்கம், அது ஒரு பக்கம். இரண்டையும் சுமந்துகொண்டு இனி எப்படி ஜெபம் செய்வது?

"இப்ப நீ எனக்குச் சொல்லு" என்றாள்.

"என்னது?"

"என் வெறுப்புக்கு. இன்னிக்கு நீயும் விசுவாசிதானே. நான் நம்பலாமா?"

அவன் பின்வாங்கப் பார்த்தான். அவள் விடவில்லை. "முடியாது, எல்வி. உள்ளருந்து ஹன்னெஸைக் கூப்பிடு. இதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு குரல்தான் தெரியும். உனக்குத் தெரியும், அது யார் குரல்னு."

"தெரியும். சொல்லு."

அவன் சொந்தக் குரலில்தான் தொடங்கினான். அது தொண்டையிலேயே அடைத்துப்போனது. கனைத்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தான். அடித்தொண்டையில் தொடங்கி, கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு படி ஏறி, அங்கே நடுங்கி நின்று, இறங்கியது. இயேசுவின் நாமத்திலும். இரத்தத்திலும். எல்வியின் பாவங்கள் எல்லாம். நம்பு. ஆபெலி இறந்த பிறகு அந்தச் சுவர்கள் கேட்காத குரல். எல்வி அவன் தோளில் நெற்றியை வைத்துச் சத்தமாக அழுதாள்.

ஹன்னெஸின் பிரசங்கம் பாதியில் நின்றது. ஒரு பலகை சாய்ந்து விழுந்தது. வில்ஹோ சமையலறைக்குள் பாய்ந்து வந்து தௌனோவின் காலரைப் பற்றினான்.

"எங்கண்ணன் வீட்டுக்குள்ளயே! எங்கண்ணன் குரல்லயே! உனக்கு மனுஷத்தனமே கிடையாதாடா?"

"விடு, வில்ஹோ" என்றாள் எல்வி. கைகள் இன்னும் தௌனோவின் கழுத்தில் இருந்தன. "அவன் விளையாடல."

"உங்களை அழவச்சிருக்கான், அண்ணி. அதுதான் அவனுக்கு வேணும். நாளைக்குத் தோணித்துறையில இதையும் நடிச்சுக் காட்டுவான். நீங்க அழுததையும் சேர்த்து!"

"காட்டலாம்" என்றாள் அவள். "எனக்குத் தெரியாது. நான் கேட்டேன், அவன் சொன்னான். நான் நம்பறேன்."

வாசலில் கூட்டம் நெருக்கியது. யாரோ "அவமானம்" என்றார்கள். யாரோ "பொறுங்க, பொறுங்க" என்றார்கள். தௌனோ, பேசினால் எந்தக் குரலில் வருமோ என்று பயந்தவனைப் போல வாயை இறுக மூடியிருந்தான். வில்ஹோ காலரை விட்டான். படுக்கையறைக்குப் போய்க் கோட்டுக் குவியலைக் கலைத்துத் தன்னுடையதை உருவினான். குழந்தை விழித்து அழுதது. அவனோடு பாதிக்கு மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள்.

கெர்த்து வாசற்படியில் நின்று திரும்பினாள். அவள் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"நல்ல நாள், அக்கா" என்றாள்.

அந்த வார்த்தை வீட்டுக்குள் எல்லார் காதிலும் விழுந்தது. இருபது வருடங்களாக ஒரே தொழுவத்தில் பால் கறந்தவர்கள் அவர்கள் இருவரும். எல்வி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பனிச்சேற்றில் இறங்கிப் போவதைப் பார்த்தாள். இந்த 'நல்ல நாளை'த்தான் கலெர்வோ ஒவ்வொரு கிறிஸ்துமஸும் அவள் வாயால் சொல்ல விடாமல் முந்திக்கொண்டு தடுத்துவந்திருக்கிறான்.

மீதமிருந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஹன்னெஸ் எழுந்து வந்தார். தௌனோவைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். அவருக்கும் முழு நிச்சயம் இருந்ததாகத் தெரியவில்லை.

"தேவ நலம்" என்று கையை நீட்டினார்.

"தேவ நலம்" என்றான் தௌனோ. குரல் கரகரத்தது. அது யாருடையது போலவும் இல்லை.

எல்வி முன்கூடத்தில் இருந்த தொலைபேசி அருகே போனாள். கைப்பிடியைச் சுழற்றி, இணைப்பகத்துப் பெண்ணிடம் கோத்தன்பர்க் எண்ணைச் சொன்னாள்.

"இன்னிக்கா?" என்றாள் அந்தப் பெண். "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல. போடு."

"அவன் சிரிப்பான், எல்வி" என்றான் தௌனோ, சமையலறையிலிருந்து.

"சிரிக்கட்டும்."

கம்பியில் கரகரப்பும், தூரத்தில் யாரோ ஸ்வீடிஷ் பேசுவதும் கேட்டன. அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. யாரோ ஓடிப்போய் இறக்கினார்கள். பிறகு மறுமுனையில் தூக்கக் கலக்கத்தோடு ஓர் ஆண்குரல் தன் பெயரைச் சொன்னது. கிறிஸ்துமஸ் அல்லாத நாளில் ஊரிலிருந்து அழைப்பு என்று பயந்துதான் எடுத்தானா, அவளுக்குத் தெரியாது. இந்த முறை அவள் முந்திக்கொண்டாள்.

"தேவ நலம், கலெர்வோ."

விசுவாசி அல்லாதவனுக்கு அதைச் சொல்வது வழக்கமில்லை. கூடத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். கட்டிலில் இருந்த குழந்தைகூட அழுகையை நிறுத்தியிருந்தது. மறுமுனையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள். அவன் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. எல்வி ரிசீவரைக் காதோடு இறுக்கிப் பிடித்து, அவன் மூச்சுவிடுவதைக் கேட்டபடி நின்றாள்.